உங்களுக்குத் தெரியுமா? ரீபவுண்டில் தோற்றும் ஆட்டத்தை வென்றார்கள்!

வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடிப்பவர்களுக்கே கூடைப்பந்து ஆட்டம் என்பார்கள். 2023 மார்ச் 31 அன்று டாலஸில் அது பொய்த்தது. அமெரிக்கக் கல்லூரி மகளிர் அரையிறுதி. அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டங்களிலும் வென்றிருந்த சவுத் கரோலினா 49 ரீபவுண்ட் எடுத்தது, அயோவாவுக்கு 25தான். ஆனாலும் 77-73 என வென்றது அயோவா!

உயரத்தில் ஈடுகொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, வளையத்தடியிலேயே ஆட்களைக் குவித்ததுதான் அவர்களின் வியூகம். வெளியே சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் கையில் பந்தோடு நின்றபோது, அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் கிட்டேகூடப் போகவில்லை; வேண்டுமானால் எறிந்துகொள் என்பதுபோல் கையை வீசிவிட்டார். எவ்வளவு துணிச்சலான கணக்கு! சவுத் கரோலினா எறிந்த 20 மூன்று புள்ளி வீச்சுகளில் 4 மட்டுமே விழுந்தன. மறுமுனையில் கிளார்க் தனியாளாக 41 புள்ளிகள் குவித்தார்.

வெளியிலிருந்து எறிவதில் இருந்த அந்த ஓட்டையை சவுத் கரோலினா அடைத்துக்கொண்டு வந்தது. 2024 இறுதியாட்டத்தில் அதே அயோவாவுக்கு எதிராக வெளியிலிருந்து 8 வீச்சுகள் விழுந்தன. அதனால் உள்ளே கூட்டம் போட அயோவாவால் முடியவில்லை. ரீபவுண்ட் 51-29, ஆட்டம் 87-75, கோப்பை சவுத் கரோலினாவுக்கு.