நாழிக்குள் மாவு இருக்கிறதா?

குடல் அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு. ஐசியூ மானிட்டரில் ரத்த அழுத்தம் 80/50, நாடித் துடிப்பு 130. ஒரு மணி நேரமாகச் சிறுநீர்ப் பையில் சொட்டுகூட இறங்கவில்லை. சலைன் ஏற்றலாமா?

முறுக்கு பிழிந்த கைகளுக்கு இந்தச் சிக்கல் தெரியும். நாழியை அழுத்துகிறோம், கீழே ஒன்றும் வரவில்லை. மாவு தீர்ந்திருக்கலாம். மாவு இருந்தும் கை ஓய்ந்திருக்கலாம். தட்டின் துளை அடைத்திருக்கலாம். நாழியைக் கழற்றிப் பார்த்துவிடுவோம். இதயத்தைக் கழற்ற முடியாதே! அதற்குத்தான் கட்டிலருகே எக்கோ.

கேஸ் சிலிண்டரைத் தட்டிக் காதால் அளப்பதுபோல, இதுவும் ஒலியை வைத்துத்தான் பார்க்கிறது. ஆனால் நொடிக்கு 20 முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட, காதுக்கு எட்டாத ஒலி. உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். 10 செ.மீ. ஆழத்தில் மோதித் திரும்ப, ஒரு நொடியில் 7,700-ல் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தைத் தூரமாக்கி, இயந்திரம் படம் வரைகிறது. 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் முதன்முதலில் இதயத்தை இப்படிப் பார்த்தது, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டுதான்.

காற்றுதான் இந்த ஒலிக்குப் பகை. சப்பாத்தி உப்பினால், கல்லைவிட்டு எழும்பிய இடத்துக்குச் சூடு ஏறாது அல்லவா? ஒலியை அனுப்பி வாங்கும் புரோபுக்கும் தோலுக்கும் நடுவே அப்படி இடைவெளி விழாமலிருக்கத்தான் ஜெல். அறுவை சிகிச்சை நோயாளியிடம் தொல்லை இன்னும் அதிகம். மேல்வயிற்றில் கட்டு, பக்கத்தில் வடிகுழாய், வென்டிலேட்டரால் விரிந்து இதயத்தை மறைக்கும் நுரையீரல், இடப்பக்கம் ஒருக்களிக்க முடியாத உடம்பு. ஒன்றுமே தெரியாவிட்டால் உணவுக்குழாய் வழியாகப் புரோபை இறக்கி, இதயத்தின் முதுகுப்புறமிருந்து பார்ப்பார்கள்.

சரி, படம் கிடைத்துவிட்டது. இடது கீழறையின் சுவர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? மாவில்லாத நாழியில் கைப்பிடி அடிவரை போய் முட்டுவதுபோல, பெரும்பாலும் அது காலியான இதயம். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். ஆனால் கிருமித்தொற்றில் ரத்தக்குழாய்கள் தளர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே படம்தான் வரும். அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாத இடம் இது. அறை நிறைந்திருந்தும் சுவர் அசைய மறுத்தால் கை ஓய்ந்த கதை. அங்கே சலைனைக் கொட்டினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். வலது கீழறை வீங்கி நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளினால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரல் குழாயை அடைத்திருக்குமோ என்று பதற வேண்டியதுதான். இதயத்தைச் சுற்றி நீரோ ரத்தமோ சேர்ந்து நெருக்கினால், மருந்தோடு நிறுத்த முடியாது. அதை வடிக்க வேண்டும்.

காலி இதயம்தானா என்று ஐயமிருந்தால் ஒரு வழி உண்டு. அடிமாவை ஒருபக்கம் சேர்க்கப் பாத்திரத்தைச் சாய்ப்போமே, அதேபோல் நோயாளியின் கால்களை 45 டிகிரி உயர்த்துகிறார்கள். காலிலுள்ள ரத்தம் இதயத்துக்கு வரும். பெருந்தமனிக்குள் பாயும் அளவை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் எக்கோவில் பார்த்து, 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் சலைன் உதவும் என்று கொள்ளலாம். கூடாவிட்டால் காலை இறக்கினால் போதும், ரத்தம் இருந்த இடத்துக்கே போய்விடும். வயிறு உப்பி இறுகிய நோயாளியிடம் மட்டும் இதை நம்ப முடியாது; அங்கே 250 மி.லி. மட்டும் ஏற்றி, அதே இடத்தில் புரோபை வைத்து மறுபடி பார்க்கலாம்.