மரபணு அறிக்கையும் ஆய்விதழ்க் கட்டுரையும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மரபணுப் பரிசோதனை அறிக்கையின் இறுதியில் சிறிய எழுத்தில் சில ஆய்விதழ்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றுள் ஒன்று 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஹியூமன் ஜெனிடிக்ஸ்' ஆக இருக்கக்கூடும். 1948-இல் தோன்றிய அமெரிக்க மனித மரபியல் சங்கத்தின் இதழாக இது 1949 முதல் வெளிவருகிறது. இதன் கட்டுரைகள் ஆய்வாளர்களுக்காக எழுதப்படுபவை. வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குப் பின்னரே அச்சேறுகின்றன. எனினும் மதிப்பாய்வு பெற்ற முடிவும் பின்னர் திருத்தப்படலாம்.

ஆய்வு பயனாக மாறக் காலம் பிடிக்கும். 1980-இல் டேவிட் பாட்ஸ்டைனும் அவருடன் மூவரும் இவ்விதழில் ஒரு வழிமுறையை முன்வைத்தனர். டி.என்.ஏ.வில் மனிதருக்கு மனிதர் இயல்பாகவே வேறுபடும் இடங்களை மைல்கற்களாகக் கொண்டு, நோய்க்குக் காரணமான மரபணு எந்தக் குரோமோசோமில் உள்ளது என்பதைக் குடும்பங்களின் வழியே தேடலாம் என்றனர். எந்த நோய்க்கும் அக்கட்டுரையில் மருந்து இல்லை. ஆனால் 1983-இல், ஹண்டிங்டன் நோயின் மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது இவ்வழியில் தெரியவந்தது. அந்த மரபணுவையே கண்டறிய 1993 வரை ஆயிற்று. இன்று அந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை உண்டு; குணப்படுத்தும் மருத்துவம் இன்னும் இல்லை. ஆகவே, அறிகுறி ஏதுமற்ற ஒருவர் அப்பரிசோதனையைச் செய்துகொள்வதா என்பது மரபியல் ஆலோசகருடன் கலந்து எடுக்க வேண்டிய முடிவாகும்.

பலரைக் கலங்கச் செய்வது, அறிக்கையில் காணப்படும் 'முக்கியத்துவம் உறுதியாகாத மரபணு மாறுபாடு' என்னும் சொற்றொடரே. மாறுபாடுகளை 'நோய் விளைவிப்பது' முதல் 'தீங்கற்றது' வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் அமெரிக்க வழிகாட்டுதல் 2015-இல் வெளியானது. அதில் இது நடுநிலை. சான்று போதவில்லை என்பதே இதன் பொருள். பின்னர் மறுவகைப்படுத்தப்படுபவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. இதனை மட்டும் நம்பி அறுவை சிகிச்சையோ கருக்கலைப்போ முடிவு செய்யலாகாது. உலக மரபணுத் தரவுகளில் ஐரோப்பிய வழியினரே மிகுதி என்பதால், தெற்காசியர்களின் அறிக்கைகளில் இத்தகைய ஐயநிலை கூடுதலாகவே தோன்றுகிறது.

இணையத்தில் ஒரு கட்டுரையைக் கண்டால் அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். அது கூறுவது உங்கள் மாறுபாட்டையேவா, அதே மரபணுவில் உள்ள வேறொன்றையா, எத்தனை பேரிடம் ஆராயப்பட்டது என்று கேளுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கருத்தரிப்பைத் திட்டமிடும்போதும் அதன் வகைப்பாடு மாறியுள்ளதா என மருத்துவரிடம் கேட்டறியவும்.