தூத்துக்குடியில் தீக்குச்சி... கோவில்பட்டியில் குறி!

கோவில்பட்டி கரிசல்காட்டில் ஒரு டெலஸ்கோப்பை நிறுத்தி, தூத்துக்குடியில் ஒருவர் பிடித்திருக்கும் தீக்குச்சியைக் குறிவைக்கிறீர்கள். இடையே 50 கிலோமீட்டருக்கு மேல். குறி அந்தக் குச்சியின் தடிமனைத் தாண்டி நகரக் கூடாது. கிட்டத்தட்ட இந்தத் துல்லியத்தில்தான் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதுவும் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே!

கரிசலிலாவது ஊன்றி நிற்க மண் இருக்கிறது (மழை பெய்தால் காலை விடாது என்பது வேறு விஷயம்). விண்வெளியில் பிடிமானம் ஏது? தொலைநோக்கிக்குள் கனமான சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரத்தை ஒரு பக்கம் வேகப்படுத்தினால், தொலைநோக்கி எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்பதை 'கைரோ' கருவி சொல்லும்.

1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹப்பிளுக்குத் தொல்லை சொந்த உடம்பிலிருந்தே வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இருட்டிலிருந்து வெயிலுக்கு வரும்போது சோலார் தகடுகள் சூடேறி வளைந்து, மொத்தத் தொலைநோக்கியையும் உதறவைத்தன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் தகடுகளையே மாற்றினார்கள்.

எல்லாத் தொலைநோக்கிக்கும் ஆள் அனுப்ப முடியாதே! அங்கேதான் 'அடாப்டிவ் கன்ட்ரோல்' கைகொடுக்கிறது. டி.வி.எஸ். 50-ல் தீப்பெட்டி பண்டல்களை ஏற்றிப் போகிறவரைக் கவனியுங்கள். முதல் வளைவில் வண்டி தள்ளாடும். அடுத்த வளைவுக்குள் கை அந்தப் பாரத்துக்குப் பழகிவிடும். பாதி பண்டலை இறக்கினால், மறுபடி புதிதாகப் பழகிக்கொள்ளும். சாதாரணக் கட்டுப்பாட்டு மென்பொருளோ, தரையில் போட்டுக்கொடுத்த கணக்கை வைத்தே ஓட்டும். அடாப்டிவ் முறை, எதிர்பார்த்த அசைவையும் நிஜ அசைவையும் ஒப்பிட்டுத் தன் கணக்கைத் தானே திருத்தும். ஒரு ஆபத்தும் உண்டு. அவசரப்பட்டுத் திருத்தினால், ஆட்டம் அடங்காமல் கூடிவிடும்.

இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய ஆஸ்ட்ரோசாட், 650 கிலோமீட்டர் உயரத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல்மேல் கடந்துபோகும். அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கியில் கெட்டிக்காரத்தனமான வேறொரு வழி! சிறு அசைவுகளை அது தடுக்க முயல்வதில்லை. நொடிக்குச் சுமார் 29 படங்கள் எடுக்கும். கூடவே இன்னொரு கேமரா, நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று குறித்துக்கொள்ளும். பிறகு தரையில் கணினி, ஒவ்வொரு படத்தையும் அந்த அளவுக்கு நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். கிடைக்கும் படத்தின் நுணுக்கம், மூன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு துண்டு கடலைமிட்டாயைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிற அளவு!