மூன்றாவது பையன் எப்போது ஆடுவான்? அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் ஓயாத வாதம்

இரவுச் சந்தையில் துணிக் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். 'ஓஹாயோ ஸ்டேட்', 'மிச்சிகன்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த டி-சட்டைகள் வரிசையாகத் தொங்கும். விலை மலிவு, துணி மெலிசு. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்திலும் பேரங்காடியிலும் நடக்கிறார்கள். சட்டையில் இருக்கும் பெயர் ஒரு பல்கலைக்கழகம் என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பெயருக்காக அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் ஒரு தகராறு நடக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

ஆகஸ்டு கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், அங்கே கல்லூரிக் காற்பந்து. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 107,601 இருக்கைகள். நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கைவிட ஏறத்தாழ இருபதாயிரம் அதிகம். ஆடுகிறவர்கள் மாணவர்கள்.

ஆட்டம் இல்லாத மாதங்களிலும் ரசிகர்கள் ஓய்வதில்லை. அப்போது அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பது வேறொரு கணக்கு. குவார்ட்டர்பேக் இடத்துக்கு நம்மிடம் எத்தனை பேர்? முதல் ஆள் அடிபட்டால் அடுத்தவர் யார்? அவரும் விழுந்தால்?

இந்தக் கவலை ஏன் என்று புரிய, ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காற்பந்து என்று பெயர் இருந்தாலும் இதில் காலுக்கு வேலை குறைவு. தமிழ் படித்த எனக்கு அந்தப் பெயர் இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. ஒரு பக்கம் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு, இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. தூரத்தில் ஓடுகிறவருக்கு வீசுவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா? முடிவெடுக்க மூன்று நான்கு வினாடிதான். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள்.

நம் தோட்டத் திடலில் கோல் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் ஒருவர் களைத்தால் மாற்றாள் பத்து நிமிடமாவது ஆடுவார். கோல் காவலரை யாரும் அப்படி மாற்றுவதில்லை. இரண்டாவது காவலர் பருவம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். குவார்ட்டர்பேக் நிலையும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், இவர் அடி வாங்குவது மிக அதிகம். ஆக, இரண்டாவது ஆள் இல்லாமலும் முடியாது, இருந்தாலும் அவருக்கு வேலை கிடையாது.

ஓஹாயோவின் மூவர்

மூன்றாவது ஆளும் தேவைப்படும் என்பதை ஊருக்கே காட்டியது 2014-ஆம் ஆண்டு. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதன்மை குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர். பருவம் தொடங்கும் முன்பே ஆகஸ்டுப் பயிற்சியில் அவருடைய தோள்பட்டை பாதிக்கப்பட்டு, அந்த ஆண்டே போனது. அவருக்குப் பதில் இறங்கியவர் ஜே.டி. பாரெட், அதுவரை கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக் அணியிடம் தோல்வி. ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள். பாரெட்டோ அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆட்டமாக வென்றுகொண்டே போனார். நவம்பர் 29-ஆம் தேதி மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கணுக்கால் முறிந்தது.

மிஞ்சியவர் கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லன்ட் நகரத்துப் பையன். முதலாம் ஆண்டில் இருந்தபோது, தான் காற்பந்து ஆட வந்தவன், படிப்பு எதற்கு என்ற பொருளில் டுவிட்டரில் எழுதி நாடே சிரித்தது. அதைத் தவிர அவரைப் பற்றிப் பெரிதாக யாருக்கும் எதுவும் தெரியாது. கல்லூரி அளவில் முதல் ஆளாக அவர் இறங்கிய முதல் ஆட்டமே வட்டார இறுதியாட்டம். விஸ்கான்சின் அணியை 59-0 என்று வென்றார்கள். ஜனவரி முதல் தேதி அலபாமாவை 42-35. ஜனவரி 12, 2015 அன்று ஓரிகனை 42-20 என்று வென்று தேசிய வெற்றியாளர் ஆனார்கள். மூன்றாவது ஆள், மூன்றே ஆட்டம், நாட்டின் உச்சக் கிண்ணம்.

'ஆள் பலம் வேண்டும், எத்தனை பேர் இருந்தாலும் போதாது' என்று வாதிடும் ரசிகர் இன்றும் இழுத்துக்கொண்டு வருவது இந்தக் கதையைத்தான்.

ஆனால் அவர்கள் பெரும்பாலும் அதன் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. மறு ஆண்டு மூவரும் ஒரே அணியில், இருப்பதோ ஒரே இடம். மில்லர் பந்து பிடிக்கும் வேறு இடத்துக்கு மாறினார். ஜோன்ஸ் பருவத்தை முதல் ஆளாகத் தொடங்கினார்; பாதியில் பாரெட் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாட்டுக்கே கிண்ணம் வென்றவர் மறுபடி ஓரத்துக்குப் போனார். (படிப்பு எதற்கு என்று கேட்ட அதே ஜோன்ஸ் 2017-இல் பட்டம் பெற்றார். அந்தப் பழைய வரியைத் தன் பட்டமளிப்புத் தொப்பியிலேயே கிண்டலாக எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.)

அதே 2015-இல் அந்த அணியில் சேர்ந்த இன்னொரு பையன் ஜோ பர்ரோ. ஓஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவர். ஈராண்டு பாரெட்டுக்குப் பின்னால் காத்திருந்தார். 2017 பருவத்துக்குமுன் பயிற்சியில் அவருடைய வலது கை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த டுவேன் ஹாஸ்கின்ஸ் அந்தக் காலியிடத்தில் மேலேறினார். நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராகப் பாரெட் காயமுற்றபோது களமிறங்கி ஆட்டத்தை வென்று கொடுத்ததும் ஹாஸ்கின்ஸ்தான். பர்ரோ மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்துக்கொண்டு 2018-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019-இல் அந்த அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசிய வெற்றியாளர். பர்ரோ கல்லூரிக் காற்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் பெற்றவர். மறு ஆண்டு தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆள்.

அப்படியானால் ஓஹாயோ பயிற்றுநர்கள் தவறு செய்துவிட்டார்களா? ரசிகர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் 2018-இல் ஹாஸ்கின்ஸ் 50 டச்டவுன்களுக்குப் பந்து வீசினார், அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அதுவரை யாரும் செய்யாதது. இரண்டு பேருமே நல்ல ஆட்டக்காரர்கள். இருந்த இடம் ஒன்று.

நட்சத்திரம் போடுகிறவர்கள்

இந்தப் பையன்களைப் பல்கலைக்கழகங்கள் எப்படிப் பிடிக்கின்றன? இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே. ஆட்டத்தைப் பார்த்து நட்சத்திரப் புள்ளி போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. ஐந்து நட்சத்திரம் வாங்குபவர்கள் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் முப்பது பேர். பதினாறு வயதுப் பையனைத் தேடிப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே வருவார்கள். வாய்மொழியாகச் சம்மதம் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. டிசம்பரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறுதி. ஆண்டுக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்பது பொதுவான வழக்கம். நான்கு ஆண்டில் நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆடுவது ஒருவர்.

நட்சத்திரக் கணக்கு எவ்வளவு நம்பகமானது? பெரிய பட்டியலாகப் பார்த்தால் ஓரளவு உண்மைதான். ஒரு தனிப் பையனை எடுத்துப் பார்த்தால் சொல்ல முடியாது. ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊரைச் சேர்ந்தவர். இடைநிலைப்பள்ளி முடித்தபோது முதல்தரப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்து ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து, தன் ஆட்டக் காணொளியை மின்னஞ்சலில் பயிற்றுநர் பயிற்றுநராக அனுப்பினார். கடைசியில் இடம் கொடுத்தது வயோமிங். 2024 பருவத்தில் தொழில்முறைக் காற்பந்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

முன்பெல்லாம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். பர்ரோபோல் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஓராண்டுத் தண்டனை பல பையன்களைப் பொறுமையாக உட்கார வைத்தது. 2018 அக்டோபரில், மாற விரும்புகிறவர் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் பதிவேடு வந்தது. 2021-இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றார்கள், 2024-இல் படிப்பில் தேறினால் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டாளர்களுக்கும் சேர்த்து 2025-26 ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை, அன்றைய மதிப்பில் 8 கோடி ரிங்கிட்டுக்கும் மேல்.

என்ன நடக்கும் என்று யூகிக்கலாம். 2025 ஏப்ரலில் டென்னசி பல்கலைக்கழகத்தின் முதன்மை குவார்ட்டர்பேக் நிக்கோ இயமலியாவா அணியைவிட்டு விலகினார். சம்பளப் பேச்சில் முரண்பாடு என்று செய்திகள் வந்தன. முந்தைய பருவத்தில் அணியைத் தேசியச் சுற்றுக்குக் கொண்டுபோனவர் அவர். டென்னசியில் மிஞ்சியது அனுபவமில்லாத இரண்டு இளையவர்கள். அவர் கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சில மாதங்களுக்குமுன்தான் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்திருந்த ஜோயி அகிலார், இடம் போய்விட்டதைப் பார்த்து டென்னசிக்கு வந்து சேர்ந்தார். நேரடியாக ஆளை மாற்றிக்கொண்டதுபோல் ஆனது.

'விசுவாசம் எங்கே போனது?' என்று ஒரு பக்கம் ரசிகர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கு இந்தக் கோபம் பாதிதான் நியாயமாகப் படுகிறது. பயிற்றுநர் அதிகச் சம்பளத்துக்கு வேறிடம் போகும்போது அதைத் தொழில் என்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன் போனால் துரோகம். இன்னொரு பக்கம், காலியான இருக்கையின் விலையும் உண்மையானதுதான். அதைப் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ரசிகர்களிடம் கேட்க வேண்டும்.

13 வெற்றி, ஐந்தாம் இடம்

2023 நவம்பர் 18. அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றிருந்த அணி. முதன்மை குவார்ட்டர்பேக் ஜோர்டான் டிராவிஸ், சொந்தத் திடலில், எளிய எதிரணிக்கு எதிரான ஆட்டத்தில் கால் முறிந்து விழுந்தார். அரங்கமே அமைதியானது. அடுத்தவர் டேட் ரோட்மேக்கர், நான்கு பருவங்களாகக் காத்திருந்தவர். அன்றைய ஆட்டத்தை முடித்து வைத்தார். மறு வாரம் புளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 என்று வென்றார். அந்த ஆட்டத்தில் அவருக்கும் தலையில் அடி. டிசம்பர் 2-ஆம் தேதி வட்டார இறுதியாட்டத்துக்கு இறங்கியவர் மூன்றாவது ஆள், முதலாம் ஆண்டு மாணவர் பிராக் கிளென். தற்காப்பு வரிசையின் உழைப்பில் 16-6 என்று வென்றார்கள். 13 ஆட்டம், 13 வெற்றி.

மறுநாள் தேசியச் சுற்றுக்கு நான்கு அணிகளை அறிவித்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. புளோரிடா மாநிலத்துக்கு ஐந்தாம் இடம். டெக்சஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டத்தில் தோற்றவை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்றது தேர்வுக் குழு. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. பெரிய வட்டாரம் ஒன்றில் தோல்வியே காணாமல் வென்ற அணி இப்படி விடப்பட்டது அதுவே முதல் முறை. டிராவிஸ் அன்று இணையத்தில் எழுதியது, தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கலாமே என்பது. அப்படியென்றால் மற்றவர்களின் ஆட்டத்தையும் குழு பார்த்திருக்குமாம்.

2014-இல் ஓஹாயோவின் மூன்றாவது ஆளுக்கு 59-0 கிடைத்தது, குழு அவர்களை நான்காவதாக உள்ளே எடுத்தது. 2023-இல் மூன்றாவது ஆள் வென்றது 16-6. அந்த இடைவெளியில்தான் ரசிகர்களின் வாதம் இன்றுவரை நடக்கிறது. களத்தில் வென்றால் போதுமா, பார்க்கவும் வலுவாகத் தெரிய வேண்டுமா? என்னைக் கேட்டால், வென்றவர்களை உள்ளே விட்டிருக்க வேண்டும். பிறகு தோற்றிருந்தால் அது களத்தில் தோற்றதாக இருந்திருக்கும்.

டிசம்பர் 30-ஆம் தேதி ஆரஞ்ச் கிண்ண ஆட்டத்தில் ஜோர்ஜியா அணியிடம் 63-3 என்று தோற்றார்கள். காயம், விலகல், மாற்றப் பதிவு என்று இருபதுக்கும் மேற்பட்டோர் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. ரோட்மேக்கரும் அவர்களில் ஒருவர். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு பதிவேட்டில் பெயர் கொடுத்து, பின்னர் சதர்ன் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். கிளென் மறுபடி இறங்கினார்.

2024 முதல் தேசியச் சுற்றுக்கு 12 அணிகள். ஓராண்டு முன்பு இருந்திருந்தால் புளோரிடா மாநிலம் உள்ளே வந்திருக்கும். டிராவிஸைத் தொழில்முறை அணி ஒன்று தேர்ந்தெடுத்தது, ஆனால் கால் சரியாகவில்லை. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2025-இல் ஓய்வு அறிவித்தார்.