பழைய வெள்ளி ரூபாய் எல்லாம் ஏன் ஒரே விலைக்குப் போவதில்லை?

வத்தலக்குண்டு சந்தையில் வாழைத்தாரின் விலையை ஏற்றி இறக்குவது வரத்துதான். நாணயத்துக்கும் அப்படியே: எவ்வளவு பழசு என்பதைவிட, எத்தனை உருகாமல் தப்பின என்பதே முக்கியம். உங்கள் பெட்டியில் 1918ஆம் ஆண்டு ரூபாய் இருக்கிறதா? முதல் உலகப்போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்படி சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. உங்கள் ரூபாயில் அமெரிக்க டாலர் கலந்திருக்கவும் கூடும்! ஆனாலும் அந்த ஆண்டில் கோடிக்கணக்கில் அச்சடித்ததால் அது அரிதல்ல. 1911 ரூபாயின் கதை வேறு. அதில் பொறித்திருந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறதென்று எதிர்ப்பு எழ, பெரும்பாலானவற்றை அரசே உருக்கிவிட்டது. தப்பியவை கொஞ்சமே.

“எடை ஒன்றுதானே, வெள்ளியும் ஒன்றுதானே?” என்று கேட்கலாம். உண்மைதான், இரண்டுமே 11.66 கிராம். அந்த வெள்ளியின் மதிப்பு அடிவிலை மட்டுமே. அதற்கு மேலே ஏறுவது ஆண்டையும் தேய்மானத்தையும் பொறுத்தது. 1911க்குப் போலிகளும் உண்டு என்பதால் முதலில் எடை போடுங்கள். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்: கறுப்போடு மேற்பரப்பும் போய்விடும், சேகரிப்பவர் தரும் கூடுதல் விலையும் போய்விடும்.