டொல்பினின் பல் சொல்லும் வயது

புட்டிமூக்கு டொல்பின் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பட்டமேற்படிப்பு மாணவருக்குக் கிடைப்பதோ சில ஆண்டுகளே. பின், அதன் வளர்ச்சி பற்றிய ஆய்வேட்டை அவர் எங்ஙனம் நிறைவு செய்கிறார் என நாம் வியக்கலாம்.

விடை பல்லில் உள்ளது. நமக்குப் பாற்பற்கள் விழுந்து வேறு முளைக்கின்றன. டொல்பினுக்கோ வாழ்நாள் முழுவதும் ஒரே தொகுதிப் பற்கள்தாம். அவற்றினுள், மரத்தின் ஆண்டு வளையம் போல, ஆண்டுக்கோர் அடுக்குப் படிகிறது. இறந்து கரையொதுங்கிய டொல்பினின் பல்லை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் அவ்வடுக்குகளை எண்ணுவர். கண் நோகும் வேலை! முதிர்ந்த விலங்கில் அடுக்குகள் நெருங்கிவிடுவதால், ஒரே பல்லைப் பன்முறை எண்ணவேண்டும்.

எண்ணியது சரியென அறிவது எவ்வாறு? புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் டொல்பின்களை, முதுகுத் துடுப்பின் வடுக்களைக்கொண்டு, தனித்தனியே இனங்கண்டு பதிவுசெய்து வருகின்றனர். பிறந்த ஆண்டு தெரிந்த அவற்றின் பற்களே அடுக்குக் கணக்கைச் சரிபார்க்க உதவின. பெண் டொல்பின் முன்னதாகவே வளர்ச்சியை நிறுத்திவிட, ஆண் மேலும் சில ஆண்டுகள் வளர்ந்து பெரிதாகிறது என்பதையும் அங்கு எடுத்த அளவுகள் காட்டின. இன்று அவ்விரிகுடாவில் ஆய்வு செய்யும் மாணவர், தாம் பிறக்குமுன் பிறர் அளந்து குறித்துவைத்த எண்களோடு தம் எண்களையும் சேர்த்தே வளர்ச்சிக் கோட்டை வரைகிறார்.