சிசுவுக்கு ஒரு கம்பளிக் குல்லாய்

கம்பளி நூலாற் குல்லாய் பின்னித் தருமமாய் அளித்தல் சிறு தொண்டேயாயினும், உயிர் காக்க உதவுவதாம். அஃது எவ்வாறெனக் கூறுவாம். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு. வளர்ந்தோர்க்கோ எட்டிலொரு பங்கே. ஆதலின் மூடாத தலைவழியே சிசுவின் உடற்சூடு விரைந்து கழியும். குறைமாதக் குழந்தைக்குச் சூட்டைக் காக்கும் கொழுப்புங் குறைவு. குளிர்ந்தால் உயிருக்கே இடராகும்.

கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், 1978-ஆம் ஆண்டில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் இத்தகைய குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். மேனியோடு மேனி பொருந்துதற்பொருட்டுப் பிற உடைகளைக் களையினும், குல்லாயை அம்முறையில் நீக்குவதில்லை.

பின்னுவோர் மெல்லிய நூலையே கொள்க, பொத்தான், நாடா, குஞ்சம் ஆகியவற்றை விலக்குக, பெறும் மருத்துவமனை வேண்டும் அளவை முன்னரே கேட்டறிக, துவைத்தே அளிக்க. ஓய்வுப் பொழுதில் நாமும் ஒன்றேனும் பின்னுவோமாக.